வாலில் எழுதிய எண்

எங்கள் கல்லூரி வாசலில் ஒரு பழைய போர் விமானம் நிற்கிறது. வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகிற கூட்டம்கூட வண்டியை நிறுத்தி அதன்முன் செல்பி எடுத்துக்கொண்டுதான் போகும். அதன் வாலில் உள்ள எண் பொய். அந்தப் பொய்க்கு யோசனை சொன்னவன், இயற்பியல் வாத்தியாராகிய நான்.

விமானப்படை ஓய்வு கொடுத்த விமானம் அது. லாரியில் வந்து இறங்கியபோது உடம்பெல்லாம் பெயிண்ட் உரிந்து, வாலில் பழைய எண் மட்டும் படிக்கிற மாதிரி இருந்தது. பராமரிப்பை என் தலையில் கட்டினார்கள். பழைய நிறத்திலேயே பெயிண்ட் அடித்து, எண்ணையும் அப்படியே எழுத ஏற்பாடு செய்திருந்தேன். தாளாளர் வந்து பார்த்தார். அவருடைய கார்கள் எல்லாவற்றின் நம்பருக்கும் கூட்டுத்தொகை ஒன்பது.

“இது எட்டுல்ல வருது? எட்டு நமக்கு ஆகாதே” என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “கடைசி எண்ணுல ஒண்ணக் கூட்டிட்டா ஒன்பது வந்துரும் சார்” என்றேன். அளந்ததை அளந்தபடி எழுது என்று மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் கிறுக்குகிறவன் நான். தாளாளர் தோளில் தட்டிக்கொடுத்தார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

சில மாதங்கள் கழித்து உத்தமபாளையத்திலிருந்து ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் சின்ன நோட்டு. விமானப்படையில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். இந்த ரக விமானம் தேனிக்கு வந்திருப்பதாகக் கூட வேலை பார்த்த ஒருவர் போனில் சொன்னாராம்.

“மூணு வருசம் ஒரே மிஷினுக்குத்தான் வேல பாத்தேன் சார். அதுல போன பைலட்டு எல்லாரும் முழுசாத் திரும்பி வந்தாக. இது அதுதானான்னு பாக்கணும்.”

நோட்டைப் பிரித்து எண்ணைக் காட்டினார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உரிந்த பெயிண்டுக்கு நடுவே நான் படித்த அதே எண்.

சங்கிலித் தடுப்புக்கு வெளியே நின்று வாலை அண்ணாந்து பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடியும் வாலைப் பார்த்தார்.

“ஒண்ணு கூட இருக்கே சார். வந்தப்பவே இந்த நம்பருதானா?”

தாளாளர் உள்ளே ஏசி அறையில் இருந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் விழ வாய்ப்பே இல்லை. ஆனாலும், “ஆமாங்கய்யா, இப்படியேதான் வந்துச்சு” என்றேன். அந்த ஒரு உண்மையைச் சொல்லக்கூட எனக்கு முதுகெலும்பு இல்லை.

“அப்ப இது அதுக்கு அடுத்த மிஷினு. என்னோடத ஒடச்சுப் போட்டிருப்பாக” என்றார். குரல் இறங்கிவிட்டது.

அவருடைய மனைவி போனை எடுத்தார். “இம்புட்டுத் தூரம் வந்துட்டோம். அங்கன நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம்.”

“வேணாம். அடுத்தவன் ஒழச்ச மிஷினு முன்னாடி நான் போயி நின்னா அது பொய்யில்லயா?”

பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா வச்சிருக்கீக சார். இதுக்கு வேல பாத்தவன் எங்கனயாச்சும் உசுரோட இருப்பான். தேடி வந்தான்னா, கிட்டக்கப் போய்த் தொட்டுப் பாக்க விடுங்க.”

“சரிங்கய்யா” என்றேன்.