புகை வரும் வீடு வரை

எங்கள் நகரசபையில் சாலைப் பள்ளங்களை அடைக்கும் லாரியை ஓட்டுகிறவன் நான். ராய்கோ என்றால் மலைக்கு அந்தப் பக்கம் வரை தெரியும். பள்ளத்தில் சக்கரத்தை விட்டவன் எவனாவது மேயரைத் தேடிப் போய்த் திட்டுகிறானா? எதிரே வருகிற லாரிக்காரனைத்தான் திட்டுவான். அந்த லாரியின் பின்னால் மண்வெட்டியோடு நிற்கிற நெடிய ஆள் ஒப்ரென். அவன் கதைதான் இது.

ஒப்ரென் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாவோரா மலையில் அவனுக்கு ஒரு வீடு, ஒரு பசு, ஒரு கிடாரி. அவன் வீட்டுக்கும் மேலே, ஒரு வளைவு தாண்டி, யெலிட்சாவின் வீடு. இளவயதில் திருவிழா ஆட்டத்தில் இருவரும் கைகோத்து ஆடுவார்கள். ஊரே முடிச்சுப் போட்டுவிட்டது, இவன்தான் வாயைத் திறக்கவில்லை. அவள் வேலைக்கு வியன்னா போனாள், அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள், பிள்ளை பெற்றாள், விதவையும் ஆனாள். இவன் இங்கே ஜல்லி அள்ளிக்கொண்டிருந்தான். என்ன ஜென்மமோ!

சில வருடங்களுக்கு முன் பெற்றோர் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்ற அவள் காரில் வந்தாள். அந்த வளைவில் மண்ணுக்குள்ளிருந்து ஊற்றுநீர் கசியும், அதனால் அங்கே எப்போதும் ஆளை விழுங்குகிற பள்ளம். கார் அதில் இறங்கி அச்சு முறிந்தது. உதிரிபாகம் வருவதற்கு மூன்று நாள் ஆகிவிட்டது. அதுவரை அவள் தன் வீட்டில் படுத்து, ஒப்ரென் வீட்டில் சாப்பிட்டாள். அந்த நாட்களில் நான் ஒருமுறை போனேன். ஒப்ரென் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, அவளுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். போகும்போது அவள் வீட்டுச் சாவியை அவனிடம் கொடுத்தாள்.

"இந்த ரோடு இருக்கிற லட்சணத்துக்கு நான் இனிமே வரமாட்டேன்ப்பா. சரி பண்ணுங்க, கட்டாயம் வரேன்" என்றாள்.

யாராவது இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வார்களா? இவன் வைத்துக்கொண்டான்.

ஆனால் ரோடு போடுவது மனுஷன் நினைத்தால் நடக்கிற காரியமா? பனி வழிப்பதற்கும் பள்ளம் அடைப்பதற்கும் நகரசபையில் ஒரே பணப்பைதான். குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்த்தால் வசந்தத்தில் தாருக்குக் காசு இருக்காது. மலைப்பாதை என்றால் பாதியைத்தான் சபை தரும், மீதியை அந்தப் பாதையில் இருக்கிற குடும்பங்கள் போடவேண்டும். இதற்கெல்லாம் மேலே ஒரு விதி: அடுப்பு எரிகிற கடைசி வீடு வரைதான் வேலை. புகை வராத வீட்டுக்கு ஒரு கூடை ஜல்லிகூடக் கிடையாது. ஒப்ரெனின் வாசலோடு நாங்கள் லாரியைத் திருப்பிவிடுவோம்.

போன வருடத்துக்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு காலை அவனை வேலைக்குக் கூப்பிடப் போனேன். அவன் வீட்டில் இல்லை. மேலே பார்த்தால் யெலிட்சாவின் வீட்டில் புகை! ஓடினேன். உள்ளே இவன் அடுப்பு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"என்னடா இது? அவ வந்துட்டாளா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடா ஆளில்லா வீட்டுல விறக எரிக்கிற?"

"புகை வந்தாதானேடா ரோடு."

அந்தக் குளிர்காலம் முழுக்க தினமும் ஏறிப் போய் எரித்தான். மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறவர்கள் கேலி பேசியே அவன் உயிரை எடுத்தார்கள். "யாருக்குடா சமைக்கிற ஒப்ரென், பேய்க்கா?" என்பார்கள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடப்பான்.

அந்த வருடம் பனி குறைவு. பையில் காசு மிஞ்சியது. ஏப்ரலில் சபையின் பொறியாளர் பிலியானா அம்மா எங்கள் லாரியிலேயே பாதைகளைப் பார்க்க வந்தார். ஒப்ரெனின் வாசலில் நான் வண்டியைத் திருப்பப் போனேன்.

"இரு ராய்கோ. மேல புகை வருதே, அங்க யாரு இருக்கா?"

ஒப்ரென் பின்னாலிருந்து இறங்கி வந்தான். "வீட்டுச் சொந்தக்காரங்க... வெளிய போயிருக்காங்க மேடம்."

"எப்ப வருவாங்க?"

"ரோடு போட்டா வருவாங்க."

பிலியானா அம்மா நோட்டைத் திறந்தார். அந்த அம்மாவுக்கு ஊர்க் கதை எதுவும் தெரியாமல் இருக்காது. "புகை வருது. வந்தா வீடுதான். பாதிப் பணம் யார் கட்டறது?"

"நான் கட்டறேன்" என்றான்.

கிடாரியை விற்றுக் கட்டினான். நான் திட்டாத திட்டில்லை. செவிடன் காதில் சங்கு ஊதியதுதான் மிச்சம்.

மே மாதம் வேலை நடந்தது. வளைவில் ஊற்றுநீருக்குக் குழாய் பதித்து, பள்ளத்தைச் சதுரமாக வெட்டி, தார் தெளித்து, சூடான கலவையைக் கொட்டினோம். உருளை ஓட்டி முடித்த பிறகும் அவன் போகாமல் மண்டியிட்டு விளிம்புகளைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலமே அவளுக்குப் போன் செய்தான். "புனித பேதுரு திருநாளுக்கு வரேன்" என்றாளாம்.

அந்த நாளுக்காக அவள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தான். படுக்கைகளை வெயிலில் போட்டான். ஒரு மாதத்துக்கான விறகை அடுக்கினான். ஆட்டுக்குட்டியைச் சுட என்னைக் கூப்பிட்டிருந்தான். வெள்ளைக் கார் ஒன்று குலுங்காமல் வழுக்கிக்கொண்டு மேலேறி வந்தது.

"அடேயப்பா! இது நம்ம ரோடா? நம்பவே முடியல ஒப்ரென்!" என்று இறங்கினாள். நரைத்திருந்தாள், அழகாகத்தான் இருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், வாய் ஓயாமல் பேசினாள். இவன் பதிலுக்குத் தட்டில் கறியை வைத்துக்கொண்டே இருந்தான். காபி முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மகளும் பேரப்பிள்ளைங்களும் கடற்கரையில காத்திருக்காங்க. முன்ன மாதிரி ரோடா இருந்தா இருட்டினப்புறம் இறங்க பயந்து, ரெண்டு நாள் இங்கயே தங்கியிருப்பேன். இப்ப ராத்திரிக்குள்ள கடலுக்குப் போயிடலாம். எல்லாம் உன் புண்ணியம்!"

"படுக்கை போட்டு வெச்சிருக்கேன்" என்றான் ஒப்ரென்.

"அடுத்த தடவை" என்று அவன் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுக் காரில் ஏறினாள்.

முன்பெல்லாம் இந்த மலையில் ஒரு கார் இறங்கினால் வெகுநேரம் கடகடவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்று வாசலிலிருந்தே சொல்லலாம். இது வளைவைத் தாண்டியதும் சத்தமே இல்லை. ஒப்ரென் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை, உள்ளே போய்த் தட்டுகளைக் கழுவினேன்.

அடுத்த குளிர்காலமும் அவன் அவள் வீட்டில் அடுப்பு எரித்தான். இந்த மார்ச்சில் பனி உருகியதும் ஜல்லி ஏற்றிக்கொண்டு மேலே போனோம். அதே வளைவில் ஊற்று குழாயை மீறிப் பக்கவாட்டில் கசிந்து, தார் வெடித்து, தொப்பி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். பின்னாலிருந்து மண்வெட்டிச் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தான்.

"இறங்குடா, ரெண்டு மண்வெட்டி போட்டா முடிஞ்சுது."

"வேண்டாம் ராய்கோ. அத விட்டுடு" என்றான். "இன்னும் கொஞ்சம் பெருசாகட்டும்."

நான் பள்ளத்தில் படாமல் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியை நகர்த்தினேன்.