வந்தவர்களுக்குக் கொடுத்த நல்ல தண்ணீர்

எங்கள் அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும், அக்காவின் ஒரே தங்கையாகிய என் வணக்கம். நான் ரேஷன் கடையில் எடை போடுகிறவள். கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. "நீதாம்மா எழுதணும், உனக்குத்தான் எல்லாந் தெரியும்" என்று அக்காவின் கணவரான மாமா சொல்லிவிட்டார். எல்லாம் தெரியும் என்பதுதான் எனக்குச் சங்கடம். இதில் சிலருக்குப் பிடிக்காத சங்கதிகள் வரும். எனக்கே பிடிக்காத ஒன்றும் வரும்.

அக்கா இண்டூருக்குப் பக்கத்தில், மேட்டாங்காடாகக் கிடக்கும் எங்கள் ஊரில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். ராகி, நிலக்கடலை, வரப்போரம் சில மாமரங்கள். அப்பா சீக்கிரமே தவறிவிட, அம்மா ஒற்றை ஆளாக எங்கள் இருவரையும் வளர்த்தார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இருப்பதுபோல அக்காவுக்கும் முன்பற்களில் பழுப்புக் கறை உண்டு. அக்கா சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். அம்மா தினமும் காலையில் எங்களை வாசலில் உட்கார வைத்துச் சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்ப்பார். ஈறில் ரத்தம் வந்தாலும் விடமாட்டார். "பொட்டப் புள்ளைங்களுக்குப் பல்லு வெளக்கக்கூடத் துப்பில்லன்னு பேசுவாங்கடி" என்பார்.

தருமபுரியில் வேதியியல் படித்தபோதுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் தெருவில் இருந்த போர் குழாயைக் கைகாட்டிச் சொன்னார். "அம்மா, பல்லு வெளக்காததால இல்ல. இந்தத் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம். பல்லு கறையாவறதும் இதாலதான், நம்ம ஊருல பாதிப் பேரு முட்டிய மடக்க முடியாம உக்காந்திருக்கறதும் இதாலதான்." அம்மா அக்காவின் முகத்தைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி ஈறுகளைப் பார்த்தார். "அத்தன நாளும் சும்மாவா தேச்சேன்?" என்று கேட்டுவிட்டு அழுதார். படித்த படிப்பு ஊருக்கு வரவேண்டும் என்று அக்கா முடிவு செய்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதியமான்கோட்டையில் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் கடை வைத்திருக்கும் மாமா, "படிச்சவ வூட்ல ஏன் உக்காரணும்?" என்று தாமே விண்ணப்பம் வாங்கி வந்து, வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு மையத்தில் அக்காவைச் சேரவைத்தார். ஒப்பந்த வேலைதான். ஆனால் வேலை அக்காவுக்கென்றே செய்ததுபோல இருந்தது. அந்த மையத்துக்கு இன்ன துறை என்று கிடையாது. தக்காளி மண்டிக்குப் போவதற்குள் அழுகாமல் இருக்க என்ன செய்யலாம், ஆட்டுக் கொட்டகையில் ஈரம் தங்காமல் எப்படிக் கட்டலாம், ஊர்த் தண்ணீரை எப்படிச் சுத்தப்படுத்தலாம் என்று மக்களின் அன்றாடத் தொல்லைகளை எடுத்துக்கொண்டு, பல துறைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வழி தேடுவார்கள். அக்காவுக்கு வேலை, ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேட்டு வருவது.

மையத்தின் தலைவரான பேராசிரியரை அக்கா எங்கள் வீட்டில் கொண்டாடாத நாளில்லை. அதற்குக் காரணமும் உண்டு. வத்தல்மலைப் பெண்களுக்காகப் புளியிலிருந்து கொட்டை எடுக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து கொண்டுபோனார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மறுநாள் பழையபடி கல்லால் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஏனென்று அக்கா ஒரு பகல் முழுக்க அவர்களோடு உட்கார்ந்து பார்த்தார். இயந்திரம் நின்றுகொண்டு சுற்றுகிற உயரத்தில் இருந்தது. அவர்களோ உட்கார்ந்து, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, பேசியபடி வேலை செய்கிறவர்கள். அக்கா போய்ச் சொன்னதும் பேராசிரியர் மலைக்கே வந்து, அந்தப் பெண்களோடு தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, இயந்திரத்தின் கால்களை அறுத்துக் குட்டையாக்கினார். "கேட்டுச் செய்யறவருடி அவரு. அந்த மாதிரி படிச்சவங்க நூத்துல ஒருத்தர்" என்று அக்கா சொல்வார். நானும் நம்பினேன்.

பிறகு தண்ணீர் ஆய்வு வந்தது. ஃப்ளோரைடை வடிக்கும் ஒரு கருவியை மையம் உருவாக்கியிருந்தது. பாதிப்பு அதிகமுள்ள ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து அதை முதலில் நிறுவுவார்கள். எங்கள் ஊரையும் கணக்கில் எடுக்க வேண்டுமென்று அக்கா மன்றாடினார். பேராசிரியர் ஒப்புக்கொண்டார். "ஆனா உங்க சொந்த ஊருங்கறதால நீங்க மாதிரி எடுக்கப் போகக்கூடாதும்மா, மாணவர்கள் போகட்டும். நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது பாருங்க" என்றாராம். நியாயம்தானே என்று அக்காவும் ஒதுங்கிக்கொண்டார்.

மாணவர்கள் வந்த நாளை நான் மறக்கமாட்டேன். வெயிலில் முகம் சிவந்துபோய், ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு, மூடி போட்ட பாட்டிலோடு நின்றார்கள். "தினமும் நீங்க குடிக்கற தண்ணி கொஞ்சம் குடுங்கக்கா" என்று தெளிவாகத்தான் கேட்டார்கள்.

எங்கள் ஊர் மேட்டில் இருப்பதால் குழாயில் ஆற்றுத் தண்ணீர் ஏறுவது எப்போதாவதுதான். வந்தால் ஒரு குடம் பிடித்து மூடி வைப்போம். அது விருந்தாளிக்கு. யார் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் குடத்திலிருந்துதான் மொண்டு கொடுப்போம். போர் தண்ணீர் எங்களுக்கு. வந்தவர்களுக்கு அதைக் கொடுப்பது, கையால் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம். மாணவர்கள் கேட்டது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அக்கா வேலை பார்க்கிற இடத்திலிருந்து வந்திருக்கிற பிள்ளைகளிடம் அந்த உப்புத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி நீட்ட என் கை வரவில்லை. ஆற்றுத் தண்ணீரைத்தான் எடுத்தேன். அதையும் வெள்ளைத் துணி போட்டு வடிகட்டி ஊற்றினேன்.

எதிர் வீட்டுச் சித்தி படியில் நின்றபடி, "ஏம்மா, எந்தத் தண்ணி குடுக்கறது?" என்று குரல் கொடுத்தார். நான் தெருவுக்கே கேட்கிறமாதிரி சொன்னேன். "நல்ல தண்ணியா குடுங்க சித்தி. நம்ம அக்காவோட ஆளுங்க."

தெரு முழுக்க அப்படியே கொடுத்தார்கள். குடத்தில் நல்ல தண்ணீர் இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு மாணவன் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "தண்ணி நல்லா பளிச்சுன்னு இருக்கேக்கா" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முடிவு வந்த அன்று அக்கா கடைசிப் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். எங்கள் ஊர்த் தண்ணீரில் ஒரு குறையும் இல்லையாம். "யாரு என்னா தண்ணிடி குடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே வீடு வீடாகப் போனார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "வந்த புள்ளைங்களுக்கு போர் தண்ணியவா குடுப்பாங்க?" என்றார் சித்தி. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. யார் முதலில் சொன்னது என்று அக்கா கேட்டபோது சித்தி என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். அந்தக் கேள்வி அப்படியே போயிற்று.

அக்கா தாமே வீட்டுக்கு வீடு போர் தண்ணீரைப் பிடித்து, பெயர் எழுதி ஒட்டி, இரண்டு கட்டைப்பைகளில் சுமந்து பேருந்து மாறி மாறிப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். பேராசிரியரே தம் கையால் சோதித்தார். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். மற்ற எந்த ஊரையும்விட எங்கள் ஊரில் அதிகம் என்று இருவர் கண்ணுக்கும் தெரிந்தது. "அறிக்கை மேல போயிடுச்சும்மா. இப்பத் திருத்தினா மொத்த ஆய்வு மேலயும் சந்தேகம் வரும். அடுத்த கட்டத்துல உங்க ஊரத்தான் முதல்ல எடுப்போம். இது என் வார்த்தை" என்றார் அவர். மலைப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தவரின் வார்த்தை. அக்கா நம்பினார். மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டி, "சார் வாக்கு குடுத்திருக்காரு. கண்டிப்பா வருவாங்க" என்று தம் வாக்கையும் சேர்த்துக் கொடுத்தார்.

கருவியை வேறோர் ஊரில், காரில் வருகிறவர்கள் இறங்கிப் பார்க்க வசதியாகச் சாலையோரத்தில் வைத்தார்கள். அந்த ஊர் மக்கள் நல்ல தண்ணீர் குடிக்கட்டும், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. திறப்பு விழாவில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அக்கா அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆங்கிலத்தில் இருந்த ஒரு பக்கத்தை எனக்குத் தமிழில் சொன்னார். எங்கள் ஊரைப் பாதிப்பில்லாத ஊர் என்று ஒப்பிட்டுக் காட்டியிருந்தார்கள். "இவ்வூர்க் குழந்தைகளின் பற்களில் காணப்படும் கறைக்குப் பல் துலக்கும் பழக்கம் போதாமையே காரணமாகலாம்."

அம்மா உயிரோடு இல்லாதது நல்லதாயிற்று என்று நான் நினைத்த ஒரே நாள் அது.

கடைசிப் பக்கத்தில், உதவியவர்களுக்கு நன்றி என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது. அக்கா தொலைபேசியில் பேராசிரியரிடம், "என் பேர எடுத்துடுங்க சார்" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். "பேர் போட்டதுக்குச் சந்தோஷப்படணும்மா, எத்தன பேருக்குக் கெடைக்கும்?" என்று அந்தப் பக்கம் சிரித்தது எனக்கும் கேட்டது. உண்மை தெரியாமல் எழுதியிருந்தால் தவறு என்று விட்டுவிடலாம். தம் கையால் சோதித்துப் பார்த்தவர் அப்படி எழுத விட்டாரே, அதற்கு நம்பிக்கைத் துரோகம் என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அடுத்த கட்டம் இன்றுவரை வரவில்லை.

ஊரும் அக்காவை விடவில்லை. "நம்மள வித்துட்டு வேற ஊருக்கு வாங்கிக் குடுத்துட்டா" என்று காதுபடப் பேசினார்கள். பேசியவர்களில் சிலர் இன்று இந்த மலரை வாசிக்கிறீர்கள். விசேஷங்களில் அக்கா உட்கார்ந்த வரிசையில் இடம் காலியாகக் கிடக்கும். அக்கா ஒரு பதிலும் சொன்னதில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பதும், யார் வீட்டுக்குப் போனாலும் "நீங்க குடிக்கற தண்ணியவே குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடிப்பதுமாக இருந்தார். அத்தனை ஆண்டும் நானும் வாய் திறக்கவில்லை. பேராசிரியரைத் திட்டுவதில் என் பங்கு மறைந்துபோகும் என்று, மற்ற எவரையும்விட உரக்கத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு இதயம் பலவீனமாகி அக்கா தருமபுரியில் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, சாத்துக்குடிச் சாற்றைத் துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு அக்கா சிரித்தார். கை வாய்க்குப் போகவில்லை.

"அன்னிக்கும் இப்பிடித்தான வடிகட்டிக் குடுத்த?"

"உனக்கு யாரு சொன்னாங்க?"

"தண்ணி எடுக்க வந்த பையன்தான். ஒரு அக்கா துணி போட்டு வடிகட்டிக் குடுத்தாங்க, தெருவுக்கே சொன்னாங்கன்னு. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஊருல சொல்லல? உன்னையில்ல பேசினாங்க?"

"எனக்கு அதியமாங்கோட்ட இருக்குது. நீ அந்த ஊருலதானடி ரேஷன் கடையில உக்காரணும்?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வந்தவங்களுக்கு நல்ல தண்ணி குடுத்தது தப்பில்ல கண்ணு. தெரிஞ்ச அப்புறமும் ஒத்துக்காததுதான் தப்பு" என்றார். பேராசிரியரைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. நாலாம் நாள் அக்கா போய்விட்டார்.

ஆகவே இதை அச்சில் ஒத்துக்கொள்கிறேன். அக்கா ஊரை விற்கவில்லை. தெருவில் நின்று சொன்னவள் நான். பேச வேண்டியதை இனி என்னைப் பேசுங்கள்.

நோயுற்ற காலத்தில் அக்காவைக் கைக்குழந்தைபோலப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், புளிச் சுமையோடு மலையிலிருந்து இறங்கி வந்து அக்காவின் காலடியில் அழுதுவிட்டுப் போன வத்தல்மலைப் பெண்களுக்கும், எனக்காக இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்த எதிர் வீட்டுச் சித்திக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவு நாளுக்குப் பேராசிரியருக்கும் முறைப்படி அழைப்பு அனுப்பியிருக்கிறோம். பந்தியில் எல்லோருக்கும் நல்ல தண்ணீர் உண்டு. அவர் வந்தால் மட்டும் வாசலில் நானே செம்போடு நின்று, வாங்க என்று கூப்பிட்டு, நாங்கள் குடிக்கிற தண்ணீரைக் கொடுப்பேன்.