ஒரேத்தோவில் பம்பாய்க் குழாயடி

"நான் இல்லாட்டி இந்த நாடகத்தின்ரை திரை எழும்பாது!"

கோபாலசிங்கம் இதை அறிவித்தது தொண்ணூற்று நாலாம் ஆண்டு, இத்தாலியில் ஒரேத்தோப் பகுதித் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில், எட்டுப் பேருக்கு முன்னால். அதில் இருவர் கதிரை அடுக்க வந்தவர்கள்.

வெறும் வாய்வீச்சல்ல. இத்தாலிக்கு வரும் வழியில், ஏஜென்சிக்காரனை நம்பிப் பம்பாயில் காத்துக் கிடந்த காலத்தில், அவர் ஒரு மராத்தி நகைச்சுவை நாடகம் பார்த்திருந்தார். வரிசை வீடுகள், எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே குழாய், வாடகை கேட்க வந்து குழாயடிச் சண்டையில் நனைந்து திரும்பும் வீட்டுக்காரர். மராத்தி அவருக்குத் தெரியாது. பக்கத்து ஆள் சிரித்தபோதெல்லாம் தானும் சிரித்து வைத்தார். மிச்சத்தைத் தமிழில் தானே எழுதிக்கொண்டார். எழுத்து, இயக்கம், வீட்டுக்காரர் வேடம் எல்லாம் அவரே.

"குழாயாயும் நீங்களே நிண்டிருக்கலாம், அண்ணை," என்றாள் எமிலியானா. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது அவள் வேலை.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஓய்வு வியாழன் பின்னேரமும் ஞாயிறும். ஒத்திகைக்கு அது காணாதென்று, கோபாலசிங்கம் தன் எஜமானி சிஞ்ஞோராவிடம் புதன் மாலைகளையும் கேட்டு வாங்கினார். பதிலுக்கு, அந்த அம்மா கேட்கும் ஏதோ ஒரு ஞாயிறு வேலைக்கு வருவதாக வாக்கு. இதை இராசதந்திரம் என்றே நினைத்திருந்தார். பேரன் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் நாள் விருந்துக்காக சிஞ்ஞோரா கேட்ட ஞாயிறு, நாடக ஞாயிறு.

"நான் வருவன். செத்தாலும் வருவன்," என்று எமிலியானாவிடம் சொன்னார் கோபாலசிங்கம்.

"செத்தால் வேண்டாம், அண்ணை. முன்வரிசைச் சின்னப்பிள்ளையள் பயந்திடும்."

நேரம் மிச்சம்பிடிக்க, அன்று காலையிலேயே ஒட்டுமீசையோடு பொலிதேயாமாப் பகுதியிலிருந்த சிஞ்ஞோரா வீட்டுக்குப் போனார். விருந்தினர் அதைப் பாராததுபோலப் பார்த்தார்கள். கடைசித் தட்டைக் கழுவி முடிய நாடகம் தொடங்கும் நேரமாகிவிட்டது. பஸ் வரவில்லை. ஓடினார். புகையிரத நிலையம் தாண்ட, மீசையின் ஒரு பக்கம் கழன்றது. அதைக் கையால் பொத்திக்கொண்டே ஓடினார்.

மண்டபத்தின் பின்கதவைத் தள்ளினால், திரை எழும்பியிருந்தது. மேடையில் எமிலியானா, கண்மையால் கீறிய மீசையுடன், நனைந்த வேட்டியைப் பிழிந்தபடியே வாடகை கேட்டுக்கொண்டிருந்தாள். "தண்ணி தந்திட்டியள், காசைத் தாங்கோவன்!" அவர் எழுதாத வசனம். சனம் கதிரையைத் தட்டித் தட்டிச் சிரித்தது.

திரைக்கயிறு பிடித்துக்கொண்டிருந்த பீலிக்ஸ் துள்ளினான். "அண்ணை, வந்திட்டியள்! இடைவேளைக்குப் பிறகு நீங்கள் ஏறுங்கோ. அவள் விடுவாள்."

கோபாலசிங்கம் சற்றுநேரம் மேடையையே பார்த்தார். பிறகு மிச்ச மீசையையும் உரித்துச் சட்டைப்பையில் போட்டார்.

"சத்தம் போடாதையும். அவளே செய்யட்டும். கயிறை இஞ்சை தாரும், உமக்குக் கை நோகும்."