வலது காதில் கேட்ட தாளம்

ஈயம் உருகும் நெடியும் சூடான ரப்பர் வாடையும் எங்கேனும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பெரிய மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் அப்பா வைத்திருந்த 'மைக் செட்' கடை அப்படித்தான் மணக்கும். மாதா தேர், அம்மன் கோயில் செடல் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர் அவர்.

ஜூலை பிறந்தால் அத்தை பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்துவிடுவார். அந்த வருடம் அவர் மகன் ழெரார் கையில் ஒரு 'கேம்' இருந்தது. சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிய விளையாட்டுப் பெட்டி. சத்தம் அத்தைக்கு ஆகாது என்பதால் இயர்போனில்தான் கேட்க வேண்டும். எதையும் பங்கு போட்டே பழகிய வீடு என்பதால் இடது குமிழ் அவன் காதில், வலது குமிழ் என் காதில். அவன் தூங்கிப்போன ஒரு மத்தியானம் இரண்டையும் நானே மாட்டிக்கொண்டேன். இடது பக்கம் மெட்டு, வலது பக்கம் தாளம், நடுவில் என் தலை. அதுவரை எனக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் தாளம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் எழுந்ததும் அவனுக்கும் இரண்டையும் மாட்டிவிட்டேன். வாயைப் பிளந்துவிட்டான்.

பெட்டி ஊருக்குப் போகுமுன் அந்த இசையை டேப்பில் பிடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அப்பா கடையில் கிடந்த ஒயரை வெட்டி, நுனியில் ஒரு பின் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். நான் அதை இயர்போன் பின்னுடன் சேர்த்து வைத்துப் பார்த்தேன்.

"அப்பா, இயர்போன்ல ரெண்டு கறுப்பு வளையம் இருக்கு. இதுல ஒண்ணுதான் இருக்கு."

"சத்தம்னா சத்தந்தான்டி. அதுல இன்னா வலது, எடது? ஊருக்கே கொழாய் கட்றவன் நானு, எனக்கே சொல்றியா?"

டேப்பில் மெட்டு மட்டும் பதிந்தது. தாளம் இல்லை.

"மோன் தியோ!" டேப்பைக் கேட்ட அத்தை பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு நெஞ்சில் கை வைத்தார். "கண்ட கம்பிய வுட்டு ஓட்டைய கொடஞ்சி வெச்சிட்டாளே!"

அப்பா இயர்போனை எடுத்து, டெலிபோன் போல, முதலில் இடது குமிழைக் காதில் வைத்தார், பிறகு வலதை. "ஆமாக்கா. இந்தப் பக்கம் பாட்டே வரல. வெறும் டிக்குடிக்குன்னுது. போச்சு."

டேப்பில் காணாமல் போன தாளம் தன் காதிலேயே கேட்கிறது என்று அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. "ரெண்டையும் ஒண்ணா வெச்சிக் கேளுப்பா," என்று கத்தினேன்.

"ரெண்டு காதையும் அடச்சிக்கினா மனுசன் பேசறது எப்பிடிக் கேக்கும்? அத்தகிட்ட மன்னிப்புக் கேளு."

ழெராரைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியும். அவன் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நான் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு வீட்டில் எந்த மெஷினுக்குப் பக்கத்தில் போனாலும், "கைய வெக்காத, ஒடச்சிடுவ" என்பதுதான். கடைக்குள் என்னை அவர் மறுபடி விடவேயில்லை.

இன்று அந்தக் கடையில் சுற்றுலாக்காரர்களுக்கு ஐஸ்கிரீம் விற்கிறார்கள். குழாய்கள் பழைய இரும்புக்குப் போயின. நான் வைத்திருக்கும் போனில் இயர்போன் செருக ஓட்டைகூட இல்லை. போன மாதம் ஞாயிறு சந்தையில், பழைய சாமான்களுக்கு நடுவே அதே மாதிரிப் பெட்டி ஒன்று கிடைத்தது. இரண்டு வளையப் பின்னை நானே பற்றவைத்து, பழைய கம்ப்யூட்டரில் இசையைப் பதிந்து, அப்பாவின் இரண்டு காதிலும் மாட்டிவிட்டேன். கண்ணை மூடி முழுவதும் கேட்டார்.

"நல்லாத்தான் கீது," என்றார். "அன்னிக்கே இப்பிடிப் பண்ணியிருக்கலாம்ல?"

நான் ஒயரைச் சுருட்டி வைத்தேன். அவர் அதற்குள் அத்தைக்குப் போன் போட்டுவிட்டார். "அக்கா, அந்தப் பாட்டு வந்துட்ச்சி. ஆமா, முழுசா. ஒடச்சவளே சரி பண்ணிட்டா."