குடிக்காதவரின் கணையம்

போன மாதம் திருமங்கலம் பக்கம் ஒரு காதுகுத்து. கறி விருந்து முடிந்து எல்லோரும் பந்தலில் சாய்ந்திருந்த நேரம். என் தங்கை செல்வியின் கணவர் ராசு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அப்புறம் நிமிரவே இல்லை.

ராசு உசிலம்பட்டியில் டிராக்டர் மெக்கானிக். இரும்பு விழுந்து விரல் நசுங்கினாலும் முகம் சுளிக்காத மனுஷன். அன்றைக்கு அழுதார். மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகு வரை துளைக்கிறது என்றார். வாந்தி வேறு. காரில் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஓர் இளம் டாக்டரம்மா வந்து, "கணையத்துல வீக்கம், கொஞ்சம் சீரியஸ்தான்" என்றார். அடுத்த கேள்வி — "குடிப்பாரா?"

"தொட்டதே இல்லைங்க" என்றாள் செல்வி.

நர்ஸ் வந்தார். அதே கேள்வி. பெரிய டாக்டர் வந்தார். அவரும் அதே கேள்வி! அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கேட்டுத்தான் ஆகவேண்டும். பார்க்க வந்த சொந்தக்காரர்களோ கேட்கக்கூட இல்லை, முடிவே கட்டிவிட்டார்கள். "காதுகுத்துல மாப்பிள்ளைக்குச் சரக்கு ஓவராயிருச்சாம்ல..."

ராசு ஏன் குடிக்க மாட்டார் தெரியுமா? அவருடைய அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். கல்யாணம் பேசும்போதே, தொட மாட்டேன் என்று செல்விக்கு வாக்கும் கொடுத்திருந்தார் ராசு. ஆனால், ஆளாளுக்கு ஒன்றையே கேட்டால் மனசு என்னதான் செய்யும்? ஐ.சி.யூ.வுக்குள் போனவள் கேட்டேவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"என்னங்க... எம்மேல சத்தியமாச் சொல்லுங்க. எங்கயாச்சும்... என்னைக்காச்சும்...?"

ராசு கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலியா, வருத்தமா? தெரியவில்லை.

வெளியே வந்தவள் என் தோளில் சாய்ந்தாள். "பேசவே மாட்டேங்குறாரே அண்ணே..."

மறுநாள் காலை இன்னும் நுணுக்கமாக ஒரு ஸ்கேன். பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு சின்னக் கல், கணையத்தின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. முதல் ஸ்கேனில் அது கண்ணில் படவில்லை.

டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "கறி, பருப்புல இருக்கற புரதத்தைச் செரிக்க டிரிப்சின்னு ஒரு என்சைம் இருக்கும்மா. கணையம்தான் தயாரிக்கும். ஆனா தூங்கவெச்சு அனுப்பும். சிறுகுடலுக்குப் போன பிறகுதான் அது முழிக்கணும். வழி அடைபட்டா உள்ளேயே முழிச்சுக்கும். அப்புறம் கணையத்தையே செரிக்க ஆரம்பிச்சிரும். குடியாலயும் வரும், கல்லாலயும் வரும். இவருக்குக் கல்லு."

செல்வி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பிறகு நான் படித்துப் பார்த்தேன். சீரின் புரோட்டியேஸ் என்று ஒரு பெரிய என்சைம் குடும்பமாம். டிரிப்சின் அதில் ஓர் ஆள். காயம் பட்டால் ரத்தத்தை உறையவைப்பதும், உறைந்ததைக் கரைப்பதும்கூட இந்தக் குடும்பத்து ஆட்கள்தான். இவர்கள் இல்லாமல் நம் பிழைப்பு ஓடாது. இடமும் நேரமும் தப்பினால்தான் வினை... நாம் கேட்கிற கேள்விகளும் அப்படித்தானோ?

வாய்வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். ஆனாலும் கண்டம் தாண்டவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். செல்வி ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள்.

"கேட்டிருக்கக் கூடாதுங்க நான்..."

ராசு முனகலாகச் சொன்னார். "விடு ஆத்தா. குடிகாரன் வீட்டுல பொறந்தவன் நான். பயம் எனக்கே இருக்கு, ஒனக்கு இருக்காதா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. பித்தப்பையையும் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். ஆள் பாதியாகியிருந்தார். முகத்தில் மட்டும் பழைய சிரிப்பு. அந்த நேரம் பார்த்து அவருடைய பெரியப்பா ஒருத்தர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து சேர்ந்தார்.

"இனிமேயாச்சும் அந்தக் கருமத்த விட்டுர்றா ராசு."

செல்வி சீறப் போனாள். ராசு கையமர்த்தினார். "விட்டுட்டேன் பெரியப்பா."

பெரியவருக்கு அம்புட்டு திருப்தி. கிளம்பிப் போனார். செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"குடிக்காத மனுசன் எதைய்யா விட்டீக?"

"ஊருக்கு வெளக்கம் சொல்றத விட்டுட்டேன்த்தா. ஒனக்குத் தெரியும்ல... அம்புட்டுத்தான்."

"ரசஞ்சோறு ஆறுது" என்று சொல்லிக்கொண்டே அவள் அவசரமாக அடுப்படிக்குள் போனாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வர நேரமானது... சோறு நன்றாகவே ஆறியிருந்தது!