அலோசியஸ் மொழிபெயர்க்காத வசனம்

ஹம்பேர்க்கில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் றோசம்மாவுக்கு நெஞ்சில் கல்லை ஏற்றி வைத்ததுபோல ஒரு பாரம். நித்திரையும் இல்லை. இரத்தம் பார்த்தார்கள், இதயம் பார்த்தார்கள், எல்லாம் சரி. கடைசியில் குடும்ப வைத்தியர், இது மனச்சோர்வு என்று சொல்லி மனநல மருத்துவரிடம் போகச் சொன்னார்.

"விசர் டொக்டரிட்டையோ? சனம் அறிஞ்சால் என்ன கதைக்கும்?" என்றார் கணவர் அலோசியஸ். றோசம்மா பனடோல் குளிசையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அவளோடு சேர்ந்து கட்டில் விரிக்கும் லின் சீனாவிலிருந்து வந்தவள். ஒருநாள் விரிப்பின் முனையைப் பிடித்தபடியே றோசம்மா அழத் தொடங்க, லின் போய்க் கதவைச் சாத்தினாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன்தான். தானும் வயிற்றுவலி என்றே வைத்தியர் வைத்தியராக அலைந்ததை லின் சொன்னாள். மனதின் நோய் என்று தெரிந்த பிறகும் வீட்டில் மூச்சு விடவில்லையாம். சீன மொழி பேசும் மருத்துவர் கிடைத்த பிறகுதான் தேறினாளாம்.

"என்னைப்போல ஒளித்துத் திரியாதே. போ."

அன்று மாலையே றோசம்மா கணவரிடம் சொன்னாள்: "நான் போகத்தான் போறன். மொழிபெயர்க்க வாறியளோ, இல்லையோ?"

அலோசியஸ் வந்தார். என்ன செய்கிறது என்று மனநல மருத்துவர் கேட்டபோது றோசம்மா நிலத்தைப் பார்த்தபடி, "விடிய எழும்பாமலே விட்டால் நல்லம் எண்டு நினைக்கிறனான்," என்றாள்.

அலோசியஸ் மருத்துவர் பக்கம் திரும்பினார். அவளுக்குக் காலையில் எழும்பக் கஷ்டமாம் என்று ஜெர்மனில் சொன்னார்.

அவர் மாற்றிச் சொன்னதைப் பிடிக்க அவளுடைய ஜெர்மன் போதும். "இல்லை. இவர் முழுக்கச் சொல்லவில்லை," என்று மருத்துவரிடம் நேரே சொன்னாள். பிறகு கணவரிடம் திரும்பி, "இஞ்சேருங்கோ, நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ," என்றாள்.

தெரிந்த சொற்களைக் கோத்து, கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, மிச்சத்தைத் தானே சொல்லி முடித்தாள். மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. அடுத்த முறை தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்வதாகச் சொன்னார்.

வெளியே அலோசியஸின் கண்கள் சிவந்திருந்தன. "அதை என்ர வாயால சொல்ல ஏலாமல் போச்சு, றோசம்மா."

"விளங்குது. ஆனா சொல்லத்தானே வேணும்."

மருந்து வேலை செய்யக் காலம் எடுத்தது. சில காலைகள் இன்னும் பாரம்தான். ஆனாலும் மருத்துவர் குறித்துக் கொடுக்கும் ஒரு டெர்மினையும் அவள் தவறவிடுவதில்லை. போன கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வரும்போது தெரிந்த ஒருத்தி, "என்ன, அடிக்கடி லீவு எடுக்கிறியளாம்?" என்று கேட்டாள்.

"ஓம். மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்யிறன்," என்றாள் றோசம்மா. குரலைத் தாழ்த்தவில்லை. அலோசியஸ் பக்கத்தில்தான் நின்றார்.