தையல்காரர் கொர்னேலியஸ் மகன் பிரைட்டன்

வெலிங்டன் ராணுவப் பயிற்சி மையத்தின் தையல் கூடத்தில் என் அப்பா கொர்னேலியஸ் ஓய்வு பெறும்வரை சீருடை தைத்தார். புதிதாகச் சேரும் பையன்களின் தோளையும் மார்பையும் அளந்து பழகியதில், எதிரே நடந்து வருபவரைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார். அவர் மட்டும் சாதாரணச் சட்டைதான் போடலாம். அவர் ராணுவத்தார் அல்ல, சிவிலியன். அந்தச் சொல்லை வீட்டில் யாரும் உச்சரிப்பது அவருக்குப் பிடிக்காது.

என் அண்ணன் பிரைட்டன் கடற்படைத் தேர்வு எழுதியபோது, முடிவு வருமுன்பே அப்பா வெள்ளைச் சீருடை தைத்துவிட்டார். குன்னூர் ஸ்டுடியோ ஒன்றில் அதைப் போட்டுப் படமும் எடுத்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் காதில் குறை என்று அண்ணனைத் திருப்பி அனுப்பினார்கள். சீருடை பெட்டிக்குள் போனது. படம் கூடத்துச் சுவரிலேயே இருந்தது.

பிறகு அண்ணன் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் சேர்ந்தான். பழுதுபார்க்கத் துறைமுகத்துக்கு வரும் கடற்படைக் கப்பல்களில், தீயணைக்கும் வாயு நிரப்பிய சிலிண்டர்களைக் கழற்றி மாட்டும் வேலை. சர்ச்சில் யாராவது "பையன் எங்கங்க?" என்று கேட்டால் அப்பா, "நேவிக் கப்பல்லங்க" என்பார். அதற்குமேல் கேட்டால் மழையைப் பற்றிப் பேசுவார். அண்ணனுக்கு அது சிரிப்பு. "நெசந்தானப்பா. நான் கப்பலுக்கு உள்ளாறதான் இருக்கேன். சம்பளம் மட்டும் வெளிய இருந்து வருது" என்று போனில் சொல்வான். அப்பா சிரிக்க மாட்டார். போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

போன ஜூலையில், கப்பலின் கீழ்த்தளத்தில் ஒரு சிலிண்டரை நகர்த்தும்போது அதன் வால்வு உடைந்தது. மூடிய அறைக்குள் வாயு நிறைந்தது. அண்ணன் மூச்சு முட்டி அங்கேயே இறந்தான்.

கடற்படைக் கப்பலில் விபத்து, ஒருவர் பலி என்று டிவியில் ஓடியது. எங்கள் தெருவில் பாதிப்பேர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மறுநாள் காலைக்குள் முக்கில் பேனர் கட்டிவிட்டார்கள்: "கடற்படை வீரர் பிரைட்டனுக்கு வீரவணக்கம்." அதற்குப் படம் கேட்டு வந்தபோது அப்பா மறுக்கவில்லை. சுவரிலிருந்து அவரே கழற்றிக் கொடுத்தார்.

சவப்பெட்டி வரும் நேரத்தில், ஓய்வுபெற்ற சுபேதார் பொன்னுத்துரை மெடல்களைக் குத்திக்கொண்டு வந்து எங்கள் வாசலில் ஆட்களை வரிசையாக நிறுத்தினார்.

"மோசஸ், தொப்பிய நேரா வைய்யி. பொண்ணு பாக்கவா வந்த?"

"மழைல சுருங்கிப்போச்சுங்க சுபேதார்."

"தொப்பி சுருங்கல. உன்ற மண்டை பெருத்துப்போச்சு."

முன்னாள் படைவீரர் சங்கத்துத் தேசியக் கொடியைப் பொன்னுத்துரை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

வந்தது ஓர் ஆம்புலன்ஸ் மட்டும். கடற்படையிலிருந்து யாரும் இல்லை. முன்னிருக்கையிலிருந்து ரெனிஷ் இறங்கினான். கூடலூர்க்காரன், அண்ணனோடு வேலை செய்தவன். இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருந்தான்.

"ஏந்தம்பி, பிரைட்டன் என்ன ரேங்க்கு? ஆபீசருங்க பின்னால வர்றாங்களா?" என்று பொன்னுத்துரை கேட்டார்.

"ரேங்கா? எங்களுக்கு ஏது ரேங்க் அங்கிளே. நாங்க காண்ட்ராக்ட் ஆளுங்க. சிலிண்டர் பணி."

வரிசையில் நின்றவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா ரெனிஷின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இவன் வண்டியோட வந்த பையன் தானுங்க. இவனுக்கு என்ன தெரியும்? நீங்க கொடியப் போத்துங்க."

ரெனிஷ் விலகிப் போய் வேலியோரம் நின்றான். பொன்னுத்துரை கொடியைப் பெட்டியின்மேல் விரித்து, சுருக்கம் நீவி, விறைத்து நின்று சல்யூட் அடித்தார். வயதான கைகள் எல்லாம் ஒன்றாக நெற்றிக்கு உயர்ந்தன.

அம்மா மட்டும் ரெனிஷிடம் போனாள். "கையில என்னப்பா?"

"வால்வ அடைக்கப் பாத்தேன் ஆன்ட்டி. அந்த கேஸ் ஐஸவிட மோசம், பட்டா தோலு போயிரும். அவன வெளிய இழுக்கவும் பாத்தேன். கை பிடிக்கல. என்னால முடியல ஆன்ட்டி."

மன்னிப்புக் கேட்பதுபோல்தான் சொன்னான். அது அப்பாவுக்கும் கேட்டது. பெட்டியைத் தூக்கக் குனிந்தவர்களை நிறுத்தினார்.

"கொடிய எடுத்துருங்க சுபேதார். அந்தப் பையன் சொன்னதுதான் நெசம். என்ற மகன் நேவில இல்லீங்க. கூலிக்குப் போனவன்."

"அப்ப அந்த போட்டோ?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்தத் துணி நான் தெச்சதுங்க."

பொன்னுத்துரை அப்பாவின் பக்கம் திரும்பினார். "என்ற கையாலயே தப்புப் பண்ண வெச்சுட்டீங்களே, கொர்னேலியஸ்." கொடியை எடுத்து மடித்தார். போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க வராமயா இருந்திருப்போம்?"

வேறொரு வீட்டுக் கூலிக்காரப் பையனின் சாவு என்றால் அப்பா போயிருக்க மாட்டார். அது அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் ஏற்றத்தில் அவர் குனிந்த தலையோடு ரெனிஷின் பக்கத்தில் நடந்தார். பாதி வழியில், அத்தனை வருஷமும் அண்ணனிடம் கேட்காததை அவனிடம் கேட்டார்.

"அங்க என்ன மாதிரி வேலைப்பா அது?"

"பாரம் அங்கிள். குறுகலான எடம். ரெண்டு பேரும் படுத்துட்டே தள்ளணும்."

"வெளிச்சம் இருக்குமா?"

"எங்க? பிரைட்டன் பாடிட்டே இருப்பான். அத வெச்சுத்தான் அவன் எந்தப் பக்கம் இருக்கான்னு எனக்குத் தெரியும்."

"என்ன பாட்டு?"

ரெனிஷ் மெல்ல இரண்டு வரி பாடிக் காட்டினான். அப்பாவுக்கு அந்தப் பாட்டுத் தெரியவில்லை.